நிஷாமணி வீட்டுப் படையல்

கெந்துபடாவில் அறுப்பு முடிகிற மார்கசிர மாதத்து வியாழக்கிழமை என்றால் பெண்கள் எல்லாரும் விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார்கள். நிஷாமணி அவர்களுக்கும் முன்னால் எழுவாள். சாணம் மெழுகி, ஈரம் காய்வதற்குள் மாக்கோலம் இழுத்து, தெருவாசலிலிருந்து பூஜை மூலை வரைக்கும் மகாலட்சுமியின் சின்னச் சின்னப் பாதங்களை வைத்துவிட்டுத்தான் இடுப்பை நிமிர்த்துவாள். அக்கம்பக்கத்துப் புது மருமகள்களுக்கு ஏதாவது சந்தேகம் வந்தால் மாமியாரைக் கேட்பதில்லை. நிஷாமணி வாசலை எட்டிப் பார்த்துவிட்டுப் போய் அதே மாதிரி செய்வார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இல்லை என்றால் அது பொய்.

அந்த மாதத்து வியாழக்கிழமைகளில் மகாலட்சுமி வீடு வீடாகப் பார்த்துக்கொண்டு வருவாள் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகமில்லை. தாமரையும் நகையுமாக வந்தாலாவது கண்டுபிடித்துவிடலாம். அவள் அழுக்குப் புடவை கட்டிய கிழவியாக வருவாள், பசுவாக வருவாள், உப்புக் கடன் கேட்கிறவளாகக்கூட வருவாள். எந்த வீட்டில் இன்னும் தூங்குகிறார்கள், எந்த வீட்டில் அடுப்பங்கரை எச்சிலாகக் கிடக்கிறது, எந்த வீட்டில் சண்டை நடக்கிறது என்று கவனித்துக்கொண்டே போவாள். அவள் வேண்டாமென்று தாண்டிப்போன வீட்டுக்குள் அவளுடைய அக்கா மூதேவி வருவாள். அக்காவுக்கு அழைப்பெல்லாம் தேவையில்லை.

நிஷாமணிக்கு லட்சுமி ஒருத்தி இல்லை. பிரம்பு மரக்கால் நிறையப் புதுநெல்லைக் கொட்டி, மேலே பாக்கு வைத்து, சிவப்புத் துணி சுற்றினால் அது லட்சுமி. அறுப்பின் முதல் கதிர்க்கட்டு லட்சுமி. உப்பு ஜாடியும் அவள்தான், மூலையில் படுக்கவைத்திருக்கும் துடைப்பமும் அவள்தான். அதனால்தான் அதைக் காலால் தள்ளக்கூடாது. பசுவின் பின்புறத்தில் இருக்கிறாள், விளக்கின் திரியில் இருக்கிறாள், கல்யாணமாகி வாசலில் வந்து நிற்கிற பெண்ணிடம் இருக்கிறாள். இத்தனை இடத்தில் இருக்கிறவள் எந்த இடத்திலிருந்து எப்போது எழுந்து போவாள் என்று தெரியாது. நிஷாமணியின் பக்தியில் முக்கால்வாசி இந்தப் பயம்தான்.

பயத்துக்குக் காரணம் உண்டு. அவள் திவாகர் ஸ்வைனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது அந்த வீட்டில் பாதிக் கூரைதான் இருந்தது. களஞ்சியம் இருந்தது, உள்ளே எலி இருந்தது. ஏன் இப்படி என்று அவள் மாமியாரிடம் கேட்டாள். மாமியார் சொன்ன பதில், திவாகரின் அத்தை சேபதி. கட்டிக்கொடுத்த பெண்ணான சேபதி ஒரு மார்கசிர வியாழக்கிழமை பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். அவளுடைய அம்மா இளகிய மனசுக்காரி. மரக்கால் முன்னால் வைத்துப் படைத்த மண்டாவில் ஒன்றை, தேங்காய்ப் பூரணம் வைத்த நம்முடைய கொழுக்கட்டை மாதிரியானதுதான் அது, மகளுக்கு முந்தானையில் ஒளித்துக் கொடுத்துவிட்டாள். அந்த வருஷமே எருமைகள் செத்தன. ஏரிக்கரை வயல் கை மாறியது. அந்த மண்டாவோடு லட்சுமி சேபதியின் புருஷன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று மாமியார் சாகிற வரைக்கும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

விதி இதுதான். வியாழக்கிழமைப் படையலை அந்த வீட்டுக் கோத்திரத்து ஆட்கள் மட்டும்தான் சாப்பிடலாம். கட்டிக்கொடுத்த பெண் வேறு கோத்திரம். பெற்ற மகளாக இருந்தாலும் அவளுக்குக் கிடையாது. அதே வியாழக்கிழமையில் வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பவும் கூடாது. அவளோடு லட்சுமியும் கிளம்பிவிடுவாளாம். ஆக அன்றைக்கு வந்து மாட்டிக்கொண்ட மகளைப் போகவும் விடமாட்டார்கள், படையலைத் தொடவும் விடமாட்டார்கள். இந்த விதியைப் போட்டவர்கள் மகள் பெறாதவர்களாக இருக்கவேண்டும்.

நிஷாமணி அதை ஒரு நூலளவும் மீறியதில்லை. புது மருமகளாக இருந்தபோது நாத்தனார் ஒரு வியாழக்கிழமை வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்தாள். உள்ளே எல்லாரும் பாயசம் சாப்பிட, நாத்தனாருக்குக் கடையில் வாங்கிய பொரியைக் கொண்டுபோய் வைத்தவள் நிஷாமணிதான். கொஞ்சம் கொஞ்சமாகக் கூரை முழுசானது, களஞ்சியம் நிரம்பியது, மகன் டுக்குனா வாடகை டிராக்டர் ஓட்டிச் சம்பாதிக்கத் தொடங்கினான். பானை பிடித்தவள் பாக்கியம் என்று ஊர் சொன்னது. பாக்கியமாவது ஒன்றாவது, எல்லாம் விதியை மீறாததால் வந்தது என்று அவள் நம்பினாள்.

மகள் ஜுனுவைக் கடற்கரைப் பக்கம் சமுத்ரபடாவில் கொடுத்திருந்தார்கள். பரிடா குடும்பம், இறால் குளங்கள், மாடி வைத்த வீடு. மாப்பிள்ளை நிரஞ்சன் கேட்ட சிவப்பு மோட்டார் சைக்கிளும் பெண்ணோடு சேர்ந்து போனது. வாசலில் ஆரத்தித் தட்டோடு நின்ற மாமியார் குந்தலா, எங்க வீட்டுக்கு லட்சுமி வந்துட்டா என்று நாலு தெருவுக்குக் கேட்கும்படி சொன்னாள். முதல் வருஷம் இறால் நன்றாக விளைந்ததால் அந்தப் பேச்சு நீடித்தது. அடுத்த வருஷம் இறால்கள் உடம்பெல்லாம் வெள்ளைப் புள்ளியோடு செத்து மிதந்தன. அந்தக் கரையில் எல்லார் குளத்திலும்தான் செத்தன. மற்ற வீடுகளில் அதற்கு நோய் என்று பெயர். பரிடா வீட்டில் அதற்கு ஜுனு என்று பெயர்.

அதற்குப் பிறகு அங்கே அவளுக்கு என்ன நடந்தது என்பது கெந்துபடாவுக்குத் துணுக்குத் துணுக்காகத்தான் வந்தது. சந்தையில் பார்த்தவர்கள் ஆள் பாதியாகிவிட்டாள் என்றார்கள். போன் பண்ணினால் மாமியார்தான் எடுத்தாள். நிஷாமணி ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்றபோதெல்லாம் திவாகர், கொஞ்சம் பொறுத்துப்போனால் சரியாகிவிடும், நாம் தலையிட்டால் அவளுக்குத்தான் கஷ்டம் என்று தடுத்தார். திவாகர் நல்ல மனிதர். நல்ல மனிதர்களிடம் இருக்கிற தொல்லை, யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாதென்று சொந்தப் பெண்ணைக்கூடப் பகைத்துக்கொள்வார்கள்.

அந்த வருஷத்துக் கடைசி வியாழக்கிழமைக்கு முந்தின நாள் விளக்கு வைக்கிற நேரத்தில் ஜுனு பஸ்ஸிலிருந்து இறங்கித் தனியாக நடந்து வந்தாள். கையில் ஒரு துணிப்பை. வயிற்றில் நாலு மாதம். தகவல்கூட வராத அந்த வயிற்றைப் பார்த்து நிஷாமணிக்குச் சந்தோஷப்படுவதா பயப்படுவதா என்று தெரியவில்லை. சும்மாதாம்மா வந்தேன் என்றாள் ஜுனு. சும்மா வருகிறவள் செருப்பில்லாமல் வருவாளா என்று நிஷாமணி கேட்கவில்லை, பாதத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டபோதெல்லாம் ஜுனு எழுந்து உள்ளே போய்விட்டாள். ஊறவைத்த அரிசியை இருவருமாக இடிக்கும்போது நிஷாமணி மெதுவாகப் பேச்சை இழுத்தாள். முதலில் ஒன்றுமில்லை என்றாள் மகள். பிறகு ஒன்றுமில்லாதது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. மந்திரவாதி ஒருவனைக் கூட்டிவந்து கேட்டார்களாம். வீட்டுக்குள் மூதேவி இருக்கிறாள், வயிற்றோடு இருக்கிறாள் என்று அவன் சொன்னானாம். அன்றிலிருந்து படுக்கை தனி அறையில். நிரஞ்சன் முகம் பார்ப்பதில்லை.

"இந்த மாசம் முடியறதுக்குள்ள மூதேவிய அனுப்பி வச்சிரணும்னு பேசிக்கிறாங்கம்மா. கதவுக்கு அந்தப் பக்கம் நின்னு பேசுறாங்க. எனக்குக் கேக்கணும்னே பேசுறாங்களோ என்னவோ."

"எங்க அனுப்புவாங்களாம்?"

"அதச் சொல்லல."

நிஷாமணியின் உலக்கை அந்தரத்தில் நின்றது. இங்கேதான் அனுப்புவார்கள், வேறு எங்கே அனுப்புவார்கள் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். இருந்தாலும் உலக்கையைச் சாய்த்துவிட்டு எழுந்தாள். திவாகரிடம் போய்ச் சொன்னாள். கோபத்தில் ஆயிரம் பேசுவார்கள், வெள்ளிக்கிழமை நானே கொண்டுபோய் விட்டுவிட்டு நாலு வார்த்தை நல்லதாகப் பேசிவிட்டு வருகிறேன் என்றார் அவர். வியாழக்கிழமை அனுப்பக்கூடாது என்பதை மட்டும் அவரும் மறக்கவில்லை.

மறுநாள் எல்லாம் முறைப்படி நடந்தது. மரக்காலில் புதுநெல், பாக்கு, சிவப்புத் துணி. குலவைச் சத்தம் எழுந்தபோது ஜுனுவும் பழக்கத்தில் கூடச் சேர்ந்துவிட்டு, பிறகு தான் இந்த வீட்டு ஆளில்லை என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டாள். பானையில் மண்டா வெந்தது, பக்கத்தில் பாயசம் கொதித்தது. ஏலக்காய் வாசனை தெருமுனை வரை போனது. அன்றைக்கு எதுவும் கருகக்கூடாது, யாரும் பகலில் கண்ணயரக்கூடாது, ஒரு கடுஞ்சொல் வரக்கூடாது. நிஷாமணி அடுப்பை விட்டு நகரவில்லை. ஆனால் கோலத்து ஓரத்தில் ஒரு காக்கை வந்து மாவைக் கொத்தியதும், நெய்த்திரி காரணமில்லாமல் ஒருதரம் அணைந்ததும் அவள் கண்ணிலிருந்து தப்பவில்லை. யாரிடமும் சொல்லாமல் திரியை மறுபடி ஏற்றினாள்.

சாப்பாட்டு வேளை வந்தது. உள்கூடத்தில் திவாகருக்கும் டுக்குனாவுக்கும் வெண்கலத் தட்டு வைத்தாள். ஜுனுவுக்கு முற்றத்து ஓரத்தில் ஒரு பாய். கடைப் பொரி, வாழைப்பழம், வெல்லக்கட்டி. எல்லாம் காசு கொடுத்து வாங்கியவை, படையலில் படாதவை. ஜுனுவுக்கு விதி தெரியும். சின்ன வயதில், அப்பாவுடன் பிறந்த அத்தை இன்னொரு வியாழக்கிழமை வந்து பாயில் உட்கார்ந்து பொரி தின்றதை அவள் இதே கூடத்திலிருந்து பார்த்திருக்கிறாள். ஒரு பிடி பொரியை எடுத்தவள் வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டு உள்ளே பார்த்தாள்.

"அம்மா, ஒரு மண்டா கெடைக்குமா?"

விளையாட்டாகக் கேட்கிற மாதிரிதான் கேட்டாள். நிஷாமணியும் விளையாட்டாகவே, உங்க வீட்டுல குடுத்திருப்பாங்களே, போன வியாழன் தின்னது போதலியா, பிள்ளைத்தாச்சிக்கு நாக்கு நீளம் என்றாள். ஜுனு சிரிக்கவில்லை.

"அங்க குடுக்கலம்மா. இந்த மாசம் ஒரு வியாழக்கிழமைகூடக் குடுக்கல. நான் அந்த வீட்டு ஆளு இல்லயாம். மாட்டுக் கொட்டாயில ஒக்காரச் சொல்லிட்டு எல்லாரும் சாப்பிட்டாங்க."

கூடத்தில் டுக்குனாவின் கை தட்டில் நின்றது. நிஷாமணி கரண்டியைப் பிடித்தபடி மகளைப் பார்த்தாள். அங்கே வேற்று ஆள், இங்கேயும் வேற்று ஆள். வயிற்றில் பிள்ளையோடு இரண்டு வீட்டுக்கு நடுவில் பொரியைக் கையில் வைத்துக்கொண்டு ஒருத்தி உட்கார்ந்திருக்கிறாள், அவளைப் பெற்றது தான் என்ற எண்ணம் அவளை வயிற்றில் மிதித்தது. அவள் அழுதாள். வியாழக்கிழமை அழக்கூடாது, இருந்தும் அழுதாள்.

பிறகு அலமாரியிலிருந்து இன்னொரு வெண்கலத் தட்டை எடுத்தாள்.

திவாகர் பதறிப்போனார். குரலை உயர்த்தக்கூடாத நாள் என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். சேபதி அத்தை கதை உனக்குத் தெரியாதா, களத்தில் இந்த வருஷ விளைச்சல் முழுக்க அடிக்காமல் போராகக் கிடக்கிறது, இந்த நேரத்திலா லட்சுமியை வெளியே அனுப்புவாய் என்று கேட்டார். நிஷாமணி தட்டைக் கீழே வைக்கவில்லை. அவர் சொன்னதில் ஒரு வார்த்தையையும் அவள் நம்பாமல் இல்லை.

"இவ வேத்து வீட்டு ஆளா இருந்தாத்தான வெளிய போகும்? இவ நம்ம வீட்டு ஆளுன்னா எதுவும் வெளிய போகல," என்றாள்.

"அப்பிடின்னா நாளைக்கு எப்பிடித் திருப்பி அனுப்புவ? படையலச் சாப்பிட்டுட்டா இவ அந்த வீட்டுக்காரி இல்லன்னு ஆயிடும். யோசிச்சுத்தான் பேசுறியா?"

"அனுப்பல."

நிஷாமணி மகளைக் கூப்பிட்டு டுக்குனாவுக்குப் பக்கத்தில் உட்காரவைத்தாள். மரக்கால் முன்னால் இருந்த மண்டாவை எடுத்து வைத்தாள், பாயசம் ஊற்றினாள். ஜுனு சாப்பிட்ட வேகத்தைப் பார்க்க முடியாமல் டுக்குனா தலையைத் திருப்பிக்கொண்டான். திவாகர் பாதித் தட்டோடு எழுந்து கை கழுவப் போனார். படையலை மிச்சம் வைப்பதும் அந்த நாளில் குற்றம்தான். அன்றைக்கு அந்த வீட்டில் எது குற்றமில்லை என்று கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது.

சனிக்கிழமை குந்தலாவும் நிரஞ்சனும் வந்தார்கள். குந்தலா ஜீப்பில், நிரஞ்சன் சிவப்பு மோட்டார் சைக்கிளில். குந்தலா வாய் நிறையத் தேனோடு வந்திருந்தாள். மருமகளைக் காணாமல் வீடே வெறிச்சென்று இருக்கிறது, புருஷன் பெண்டாட்டிக்குள் ஆயிரம் இருக்கும், பெரியவர்கள் நாம்தான் சேர்த்துவைக்கவேண்டும் என்றாள். திவாகரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. உள்ளே ஜுனு சுவரோடு சுவராக நின்றிருந்தாள்.

நிஷாமணி டீ டம்ளரைக் கொண்டுவந்து வைத்தாள். எதிராளியை நாலு கேள்வி கேட்கிற சாமர்த்தியம் அவளுக்கு இல்லை. போலீஸ், பஞ்சாயத்து என்று பேசினால் திவாகர் மூச்சுவிடாமல் சமாதானம் செய்து மகளை ஜீப்பில் ஏற்றிவிடுவார் என்று தெரியும். அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னாள்.

"ஜுனு வியாழக்கிழமை இங்கதான் சாப்பிட்டா, சம்பந்தி."

"சாப்பிடட்டும். அம்மா வீட்டுல சாப்பிடாம?"

"மரக்கால் முன்னாடி வச்ச படையலச் சாப்பிட்டா. எங்க கூட ஒக்காந்து சாப்பிட்டா."

குந்தலாவின் முகத்திலிருந்து தேன் வழிந்து போனதை எல்லாரும் பார்த்தார்கள். அவளும் மார்கசிரத்தில் விடிவதற்கு முன் எழுகிறவள். நிஷாமணி எதைச் செய்திருக்கிறாள் என்பது அந்தக் கூடத்தில் குந்தலாவுக்குத்தான் முழுசாகப் புரிந்தது. முந்தானையில் வாங்கிவந்திருந்தால் லட்சுமியும் கூடவே வந்திருப்பாள். அந்த வீட்டு ஆட்களோடு உட்கார்ந்து தின்றவள் அந்தக் கோத்திரம், அவளைத் தன் வாசலுக்குள் விட்டால் தன் வீட்டில் மிச்சம் இருக்கிற லட்சுமியும் எழுந்து அந்தப் பக்கம் போவாள். டீயைத் தொடாமல் எழுந்தாள். நிரஞ்சன் ஏதோ சொல்லத் தொடங்கினான். அம்மாவின் பார்வையில் வாயை மூடிக்கொண்டான்.

"வயித்துல இருக்கறதும் சேந்துதான தின்னுருக்கு. ரெண்டையும் நீங்களே வச்சுக்குங்க," என்றாள் குந்தலா.

அவள் கோபப்படுவாள் என்று நிஷாமணி எதிர்பார்த்திருந்தாள். அந்த முகத்தில் பார்த்தது வேறு. எல்லாம் ஏற்பாடு பண்ணிவைத்திருந்த காரியம் கடைசி நேரத்தில் கெட்டுப்போனால் ஒருவருக்கு வருகிற எரிச்சல் அது. என்ன காரியம் என்று யோசிக்கவே நிஷாமணிக்குப் பயமாக இருந்தது.

ஜீப் போன பிறகும் நிரஞ்சன் வண்டியைக் கிளப்பாமல் நின்றான். வீட்டுக்குப் பக்கத்துக் களத்தையே பார்த்தான். அறுத்துக் கட்டிய கதிர்கள் வீட்டு உயரத்துக்குப் போராக நின்றன.

"நெல்லு நல்லா வெளஞ்சிருக்கே, மாமா."

"மகாலட்சுமி தயவு, மாப்பிள்ள," என்றார் திவாகர். பாவம், அவருக்கு மாப்பிள்ளை பேசியதே சந்தோஷம்.

அதற்குப் பிறகுதான் நிஷாமணிக்கு உண்மையான பயம் பிடித்தது. மகளைக் காப்பாற்றியாகிவிட்டது. ஆனால் ஊருக்கு முன்னால், மகாலட்சுமிக்கு முன்னால், இவள் என் வீட்டு ஆள் என்று அவள் ஒரு வழக்குப் போட்டுவிட்டாள். இனி வீட்டில் ஒரு கெட்டது நடந்தால் வழக்கு தோற்றது என்று அர்த்தம். ஜுனு வெளியாள்தான், படையல் வெளியேதான் போயிருக்கிறது என்று தீர்ப்பாகிவிடும். பால் திரிந்தால் திக்கென்றது. பசு ஒருவேளை தீவனம் எடுக்காவிட்டால் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றாள். கோலம் பார்க்க வந்துகொண்டிருந்த மருமகள்கள் இப்போது வாசல்வரை வந்து, ஜுனு இருக்கிறாளா என்று மட்டும் பார்த்துவிட்டுப் போனார்கள். என்ன ஆகிறது என்று பார்க்க ஊரே காத்திருந்தது. திவாகர் மகளோடு பேசவில்லை. போர் அடிக்கும் மெஷின் வருகிற நாளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தார்.

மெஷின் வருவதற்கு முந்தின நாள் மதியம், சாப்பாட்டு நேரத்தில், போர் எரிந்தது.

ஒரு பக்கமாகப் பிடித்துப் பரவும் தீயாக அது இல்லை. புகையைப் பார்த்து டுக்குனா சோற்றுக் கையோடு ஓடியபோது நாலு பக்கமும் ஒரே நேரத்தில் எரிந்துகொண்டிருந்தது. குளத்திலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து ஊற்றினார்கள். பக்கத்துக் களங்களைத்தான் காப்பாற்ற முடிந்தது. நெல் தீயில் பொரிந்து வெடிக்கிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. ஒரு வருஷத்து உழைப்பு, விதைநெல், வீட்டுச் சாப்பாடு, எல்லாம் அந்தப் போரில்தான் இருந்தது.

தீ அடங்கியதும் பெண்கள் வந்தார்கள். யாரும் சந்தோஷப்படவில்லை, அதைச் சொல்லியாகவேண்டும். பயந்துபோய்த்தான் வந்தார்கள். லட்சுமி போய்விட்டாள், வேறென்ன என்றார்கள். நேரம் ஒன்றும் கடந்துவிடவில்லை, பெண்ணை அவள் வீட்டில் கொண்டுபோய் விட்டு, காலில் விழுந்து, பரிகாரம் செய்தால் திரும்பி வருவாள் என்று மூத்தவள் ஒருத்தி நல்ல மனசோடு சொன்னாள். திவாகர் சாம்பலுக்குப் பக்கத்தில் தலையில் கையை வைத்து உட்கார்ந்திருந்தார். நான் அன்னைக்கே சொன்னேன் என்றுகூட அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லியிருந்தால் நிஷாமணிக்குச் சண்டை போடவாவது இடம் இருந்திருக்கும். அவளுக்குள்ளேயே ஒரு குரல் அவர்கள் சொல்வதைத்தான் சொன்னது. நீ வழக்கில் தோற்றுவிட்டாய் என்றது.

ஜுனு துணிப்பையை எடுத்துக்கொண்டு களத்துக்கு வந்தாள். முகம் கழுவித் தலைவாரியிருந்தாள். என்னாலதான் இவ்வளவும், நான் போறேன் என்று அப்பாவிடம் சொல்ல வாயைத் திறந்தவள், காற்று திரும்பி அந்தப் பக்கத்துப் புகை முகத்தில் பட்டதும் அப்படியே குந்தி உட்கார்ந்து வாந்தியெடுத்தாள். மசக்கை என்று நினைத்து நிஷாமணி ஓடிப்போய் நெற்றியைப் பிடித்தாள்.

"அம்மா, அந்த வாசன," என்றாள் ஜுனு.

"வைக்கோல் எரிஞ்ச வாசனடி."

"இல்ல. நல்லா மோந்து பாரு. மண்ணெண்ணெய்."

நிஷாமணி மோந்து பார்த்தாள். வைக்கோல் புகைக்கு அடியில், நனைந்த மண்ணிலிருந்து, அது இருந்தது.

"என் ரூம்ல கட்டிலுக்கு அடியில ஒரு டின் வச்சிருந்தாங்க," என்றாள் ஜுனு. வாயைத் துடைத்துக்கொண்டே, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல், தரையைப் பார்த்துச் சொன்னாள். "அடுப்புக்குன்னு அத்த சொன்னாங்க. அந்த வீட்டுல கேஸ் அடுப்பும்மா. ராத்திரியெல்லாம் இந்த வாசனையிலதான் படுத்திருந்தேன். அதுக்கப்புறம்தான் செருப்பக்கூடத் தேடாம ஓடியாந்தேன்."

பரிகாரம் சொன்ன மூத்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். திவாகர் தலையிலிருந்து கையை எடுத்துவிட்டு மகளைப் பார்த்தார். வீட்டு வாசலில் நின்று நெல் நன்றாக விளைந்திருப்பதாகச் சொன்ன குரல் அவருக்கும் அப்போதுதான் காதில் கேட்டிருக்கவேண்டும்.

நிஷாமணி மகளின் இரண்டு கைகளையும் பிடித்தாள். மணிக்கட்டிலிருந்து தோள்வரை தடவிப் பார்த்தாள். கழுத்தைத் தொட்டாள், கன்னத்தைத் தொட்டாள், வயிற்றில் கை வைத்தாள். எங்கேயும் ஒரு சூடு இல்லை, ஒரு கொப்புளம் இல்லை. பின்னால் சாம்பலில் மிச்சமிருந்த கதிர்கள் இன்னும் வெடித்துக்கொண்டிருந்தன. ஊர்ப் பெண்கள் எல்லாரும் அவள் என்ன சொல்லப்போகிறாள் என்று பார்த்தார்கள்.

"நெல்லுதானடி எரிஞ்சிருக்கு," என்றாள் நிஷாமணி. "நெல்லு மட்டும்தான்."